கிண்ணத்தின் கோட்டுக்கு மேலே

பாரிஸ், ஜனவரி 14

மை உறைந்துவிட்டது. மைக்கொம்பை அக்குளில் வைத்து, மூன்று பரலோக மந்திரம் சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகு எழுதுகிறேன். பழைய பாடத்தாளின் பின்பக்கம். யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள்.

காலை வகுப்பு. வைக்கோல் தெருவில் நாங்கள் உட்காருவது வைக்கோலில்தான். இந்த வாரம் அதிலும் பனி. ஆசிரியர் எலினான் உயரமான நாற்காலியில், இரண்டு கம்பளிக்குள். குளிர் சேர்க்கும், சூடு பிரிக்கும் என்றார். குளிர்ந்த பொருள் அடர்த்தியாகும், சிறுக்கும். ஆயிரத்தைந்நூறு வருடமாகச் சொல்லிவருவதை, நேற்று மாலை தான் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்.

ஒருவன் கேட்டான்: "அப்ப ஆத்துல பனிக்கட்டி ஏன் மிதக்குது ஐயா?"

"தட்டையா இருக்குல்ல, அதனால."

எழுதிக்கொண்டோம்.

காணிக்கை மாதா திருநாளன்று உரிமப் பட்டியல். அதில் என் பெயர் இருந்தால் நான் பாரிஸில் பாடம் சொல்லலாம். இல்லையென்றால் ஆராஸ், மாமாவின் தொட்டி. கம்பளித் துணியைப் புளித்த மூத்திரத்தில் ஊறவைத்து மிதிக்கும் தொட்டி. ஏழு வயதிலிருந்து மிதித்தேன். ஆறு முழத் துணி நாலு முழமாகும், தடிக்கும். கம்பளி எங்கும் போய்விடவில்லை. இடம் குறைந்தது, பொருள் குறையவில்லை.

ஆகவே "எவ்வளவு இடம்" ஒன்று, "எவ்வளவு பொருள்" இன்னொன்று. அடர்த்தி என்பது இரண்டுக்கும் நடுவே உள்ள கணக்கு. எலினான் அதைச் சூடு, கசப்பு போல ஒரு குணம் என்கிறார். தவறு.

என்னிடம் இருக்கும் ஒரே சொந்தச் சிந்தனை இது. எங்கே பிடித்தேன் என்பதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜனவரி 15

என் அறையில் இருக்கும் அலார் மூக்குச் சிந்தினான். பதினேழு தடவை. எண்ணினேன்.

ஜனவரி 17, வனத்து அந்தோணியார் நாள்

சமையற்கட்டில் சத்தம். பெரிய தண்ணீர் ஜாடி வெடித்துக் கிடந்தது. பெரெட் இடுப்பில் கைவைத்து நின்றாள். விடுதியில் முப்பது பேருக்கு அவள் ஒருத்திதான் சமைக்கிறாள். எங்கள் மழித்த உச்சந்தலையைப் பார்த்து எல்லாரையும் "சின்னச்சாமி" என்பாள். மரியாதை என்று நினைத்தால் ஏமாந்தோம்.

"எந்த மூதேவி இதைக் கழுத்துவரைக்கும் ரொப்பி வச்சது? பனிக்காலத்துல முக்கால் ஜாடிதான் ஊத்தணும். தண்ணி பெருக்கும்ல?"

ரொப்பியவன் நான். சொல்லவில்லை.

அலார் வந்தான். நார்மண்டிக்காரன், நானும் அவனும் ஒரே ஆசிரியரிடம். எல்லா இடத்துக்கும் வந்துவிடுவான்.

"தண்ணி பெருக்காது அக்கா, சுருங்கும். சுருங்கினா ஜாடிக்குள்ள சும்மா கெடக்கற இடம் உண்டாகும். இயற்கை அதை விடாது. ஜாடியை உள்ள இழுக்கும். தாங்காம உடையும். எங்க ஆசிரியர் சொல்றது."

"உள்ளயா இழுக்குது?"

"உள்ள."

"அப்ப ஓடெல்லாம் உள்ளதானே விழுந்திருக்கணும்? நான் வாசப்படி வரைக்கும் கூட்டிட்டு வர்றேன். உங்க ஆசிரியரை வந்து கூட்டச் சொல்லு."

அலார் சிரித்தான். பிறகு குந்தி உட்கார்ந்து ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தான். சாப்பாட்டில் பெரெட் கூடுதலாக ஒரு மீன் போடுவாள் என்று நடிப்பு.

பெரெட் சொன்னது சரி. சரி என்று தெரிந்த நொடியே எரிச்சல் வந்தது. வைக்கோல் தெருவில் எழுந்து நின்று, "எங்கள் சமையல்காரி சொன்னாள்" என்று தொடங்க முடியுமா?

ஜனவரி 20, செபஸ்தியார் நாள்

விடுதிக் கோயிலில் பூசை. பீடத்தில் உதவிக்கு நான். அங்கே தீ மூட்ட இடமில்லை. பூசை வைக்கும் வீபேர் சாமி கையுறையைக் கழற்றும்போதே முணுமுணுத்தார். செபம் அல்ல.

எங்கள் திருக்கிண்ணத்தின் உட்புறத்தில் ஒரு கோடு செதுக்கியிருக்கிறது. வீபேர் சாமி திராட்சை ரசத்தை அதுவரைதான் ஊற்ற விடுவார். ஒரு சொட்டு கூடினால் பூசைக்குப் பிறகு காதைத் திருகுவார். இன்று கோட்டைத் தொட்டபடி நிறுத்தினேன், துளித் தண்ணீரோடு சேர்த்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாடகர்கள் இழுத்தார்கள். ரசம் ஆண்டவரின் இரத்தமாகும் எழுந்தேற்றம் முடிந்தது. அருந்தக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"உறைஞ்சிருச்சு," என்றார் பல்லிடுக்கில். "ஓடு. சுடுதண்ணியில முக்கின துணி."

பெரெட் பிழிந்து கொடுத்தாள். ஓடிவந்து கிண்ணத்தைச் சுற்றினேன். சுற்றும்போது உள்ளே பார்த்தேன்.

கோடு தெரியவில்லை. கோட்டுக்கு மேலே நின்றது. நடுவில் சின்னதாக ஒரு மேடு.

வீபேர் சாமி ஊதினார், ஊதினார். மேடு கரைந்து இறங்கியது. கோடு மறுபடி தெரிந்தது.

குளிரில் பெருத்தது, சூட்டில் சிறுத்தது. என் கண்ணால்.

ஜனவரி 21

நாளை மறுநாள் விவாதத்தில் பதில் சொல்பவன் நான். எதிர்ப்பவன் அலார். "குளிர் எல்லாப் பொருளையும் அடர்த்தியாக்குமா?" ஆக்காது என்று நிறுவினால் பட்டியலிலிருந்து என் பெயரை எலினானால் தள்ள முடியாது.

சான்று வேண்டும். தொட்டி நாறுகிறது. ஜாடி சமையற்கட்டுடையது. கிண்ணம் பொன்.

ஆனால் கிண்ணத்தைச் சொல்லக்கூடாது. கலைப்பிரிவில் சேர்ந்தபோது கைநீட்டிச் சத்தியம் செய்திருக்கிறேன்: மறையின் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லமாட்டேன், அது இறையியலாருக்கு உரியது. எழுந்தேற்றத்துக்குப் பிறகு கிண்ணத்தில் ரசம் இல்லை. ரசத்தின் நிறம் இருக்கிறது, சுவை இருக்கிறது, அளவு இருக்கிறது. தாங்க எதுவும் இல்லாமல் அளவு தனியாக நிற்கிறது. இதை நம்புகிறேன். நம்பிக்கொண்டேதான் கேட்கிறேன்: அப்படியானால் பெருத்தது எது? பொருளே இல்லாத இடத்தில் அடர்த்திக்கு என்ன வேலை?

நிறுத்து.

"ஒரு பாத்திரத்தில் பார்த்தேன்" என்பேன். அதோடு சரி.

ஜனவரி 23

முதல் வரியை மூன்று தடவை அடித்தேன். குளிர் என்று வைத்துக்கொள்கிறேன்.

நன்றாகத்தான் போனது. இடம் வேறு, பொருள் வேறு என்று நான் பிரித்தபோது எலினான்கூடத் தாடையைத் தடவினார். பிறகு சொன்னேன்: உறையும்போது அதிக இடம் எடுக்கும் பொருள் ஒன்றுண்டு, பார்த்திருக்கிறேன்.

அலார் எழுந்தான்.

"எங்க பார்த்த?"

"ஒரு பாத்திரத்துல."

"என்ன பாத்திரம்? மண்ணா, உலோகமா? எவ்வளவு ஊத்தின? அளவுக்கு அடையாளம் ஏதாவது இருந்துச்சா?"

பின்னாலிருந்து எவனோ, "அவங்க மாமா தொட்டியிலதான்," என்றான். இன்னொருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். வைக்கோல் முழுக்கச் சிரிப்பு.

தொட்டி இவர்களுக்கு எப்படித் தெரியும்? அலார். வேறு யார்.

அந்தச் சிரிப்புதான். அது மட்டும் இல்லையென்றால் "வாளி" என்று சொல்லியிருப்பேன்.

"தங்கக் கிண்ணம்," என்றேன். "விடுதிக் கோயில் கிண்ணம். உள்ள கோடு இருக்கு."

சிரிப்பு நின்றது. அலாரைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. ஜெயித்தால் சிலருக்கு வெளுக்கும்.

மேலே நாற்காலியிலிருந்து எலினான், மிக மென்மையாக: "எழுந்தேற்றத்துக்கு முன்னயாப்பா, பின்னயா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடி எவ்வளவு நீளம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

"பின்ன."

"அப்ப அங்க ரசம் இல்லை."

"இல்லைங்க ஐயா."

"அப்ப பெருத்தது எது?"

"அதைத்தான் ஐயா நானும் கேக்கறேன். பொருளே இல்லாம அளவு மட்டும் பெருக்கும்னா அடர்த்திங்கற சொல்லுக்கே அர்த்தம் இல்லை. இல்லைன்னா அங்க ஏதோ கொஞ்சம் பொருள் மிச்சம் —"

நிறுத்தினேன். நிறுத்தி என்ன பயன்.

ஜனவரி 24

சாப்பாட்டு மேசையில் பட்டாணிக் கஞ்சிக்கு நடுவே கலைப்பிரிவின் சேவகன் வந்து வாசித்தான். ரெனியே என்னும் ஆராஸ்காரன், சத்தியத்தை மீறி, மறையின் விஷயத்தில் வாய்விட்டான். மூன்று நாளைக்குள், அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், சொன்னதைத் திரும்பப் பெறவேண்டும். இல்லையேல் என்றென்றைக்கும் விலக்கு. இன்றைக்கு முதல் நாள்.

பக்கத்தில் இருந்தவன் தன் கிண்ணியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டான்.

திரும்பப் பெறமாட்டேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எந்த வாயால்?

அலாரை வெறுக்கிறேன். முறையாக, வரிசையாக: அவன் மூக்கை. "எங்க பார்த்த" என்று கேட்ட அந்தக் குரலை. தூங்கும்போதும் ஏதோ யோசிப்பதுபோல இருக்கும் புருவத்தை. வெறுப்புக்கு உடம்பில்லை, அது இடத்தை அடைக்காது என்பார்கள். இந்த அறை பத்தடிக்கு எட்டடி. எனக்கு மூச்சுவிட இடமில்லை.

ஜனவரி 25, சின்னப்பர் மனந்திரும்பிய நாள்

எலினான் வீட்டுக்கு வரச்சொன்னார். சுட்ட ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"உன்னைத் தொலைக்கணும்னா எனக்கு இந்த ஆப்பிளைத் திங்கற நேரம் போதும். ஆனா நீ மதத்துரோகின்னா என் நாற்காலி மேலதான் துப்புவாங்க. அதனால கேளு. வாளியில பார்த்தேன்னு சொல்லு. கிண்ணத்துல மெழுகுவத்தி வெளிச்சம், கண்ணு ஏமாத்திருச்சுன்னு சொல்லு. நீ திரும்பப் பெற வேண்டியது கிண்ணத்தை. பனிக்கட்டியை இல்லை. அது எவ்வளவு வேணா பெருக்கட்டும், எனக்கென்ன."

"நான் வாளியில பாக்கலைங்க ஐயா."

"போய்ப் பாரு. ஒரு ராத்திரி இருக்குல்ல."

வெட்கமாக இருந்தது, இது தோன்றாமல் போனதற்கு. பெரெட்டின் ஜாடியில் நடந்தது வாளியிலும் நடக்கத்தானே வேண்டும்? நடந்தால் நான் பொய் சொல்லவேண்டியதில்லை. பாதிப் பொய்தான். முற்றத்தில் வாளியை வைத்தேன். ஆணியால் உட்புறம் கோடு கீறி, கோடுவரை ஊற்றினேன்.

பெரெட் கதவில் சாய்ந்து பார்த்தாள்.

"ஜாடி ஆச்சு, அடுத்தது வாளியா சின்னச்சாமி?"

ஜாடி யார் வேலை என்று அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

"இன்னிக்கு உறையுமா அக்கா?"

வானத்தைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். "காத்து மாறிருச்சு. உறையாது."

அப்போதுதான் கவனித்தேன். கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அலார் கட்டிலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். கேட்காமலே.

"உன்னை மாட்டிவிட நான் கேக்கலடா. எங்கன்னு தெரிஞ்சா நானும் போய்ப் பாக்கலாமேன்னு கேட்டேன். அந்த ஓடுகளைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அதே நெனப்புதான்."

"தொட்டி விஷயத்தை யார் சொன்னது?"

"நீதான். மிக்கேல் சம்மனசு திருநாளன்னிக்குக் குடிச்சுட்டு, மொத்த மேசைக்கும் மிதிச்சுக் காட்டின."

இல்லை. காட்டினேனா?

"வெளிய போ."

"இது என் ரூமும்தான்."

"அப்ப சுவத்தைப் பார்த்து உக்காரு."

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான், நிஜமாகவே. சுவரிடம் சொன்னான்: "ஆறு முழம் நாலு முழம் ஆவுறதுதான்டா உன்னோட நல்ல வாதம். பாரிஸ்ல எவனும் யோசிக்காதது. அதை விட்டுட்டுக் கிண்ணம் எதுக்குடா உனக்கு?"

இரண்டு தடவை முற்றத்துக்குப் போய் வாளியைப் பார்த்தேன். தண்ணீர்.

ஜனவரி 26

விடிந்ததும் போனேன். வாளியில் தண்ணீர். ஒரு வைக்கோல் துரும்பு கோட்டைத் தொட்டபடி மிதந்தது.

பத்து நாளாக மை உறைகிறது, கொம்பை அக்குளில் வைக்கிறேன். ஒரு நாளாவது அதன் வாயைப் பார்த்தேனா? மேலே எழும்பியதா? தெரியாது. எதையும் பார்க்காதவன் நான், தங்கத்தில் இருந்தால் தவிர.

வைக்கோல் தெரு. பனி கரைந்து வைக்கோல் நசநசவென்று, கால் புதைந்தது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். இறையியல்காரர்கள்கூட வந்திருந்தார்கள், கதவோரம்.

சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கைவைத்தேன். தோலட்டை ஈரமாக இருந்தது, எனக்கு முன்னால் எவனுடைய வியர்வையோ.

திருக்கிண்ணத்தில் நான் எதையும் பார்க்கவில்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் கண் ஏமாந்தது என்றேன். நீர் உறைந்து உயர்ந்ததை நான் பார்த்தது விடுதிச் சமையற்கட்டின் வாளியில் என்றேன். மறையின் விஷயத்தில் சொன்னது எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

குரல் தெளிவாக இருந்தது. இவ்வளவு தெளிவாக நான் எந்த உண்மையையும் சொன்னதில்லை.

அலார் மூன்றாவது வரிசையில். முற்றத்து வாளியில் காலையில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும். என்னைத் தாண்டிப் போய்த்தான் முகம் கழுவினான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "எந்த வாளி, எந்த நாள்" என்று அவன் கேட்டிருந்தால் போதும், நான் விழுந்திருப்பேன்.

கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்காகவும் அவனை மன்னிக்கமாட்டேன்.

எலினான் என் தோளைத் தட்டினார். "பொழைச்சுக்குவ."

பிப்ரவரி 2, காணிக்கை மாதா திருநாள்

பட்டியலில் நான்காவது பெயர் என்னுடையது. அலார் பெயர் இல்லை. அவன் கொடுக்கவே இல்லையாம். ஏன் என்று எலினான் கேட்டதற்கு, "இன்னும் ஒண்ணும் சரியாத் தெரியலைங்க ஐயா," என்றானாம்.

நடிப்பு.

பிப்ரவரி 6

மாடியில் தனி அறை கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் முற்றத்தைப் பார்க்கிறது. மூக்குச் சிந்தும் சத்தம் இல்லை. தூக்கம் வரவில்லை.

சாம்பல் புதனுக்கு மறுநாள்

குளிர் திரும்பிவிட்டது. முதலில் வந்ததைவிட மோசம்.

நாளை என் முதல் பாடம். அடர்த்தியும் விரிவும். எலினான் தன் குறிப்புகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறார், "உன் வசதிக்கு" என்று. காலையிலிருந்து பார்த்து எழுதுகிறேன். குளிர் சேர்க்கும், சூடு பிரிக்கும். பனிக்கட்டி மிதப்பது தட்டையாக இருப்பதால். உறைந்த ஜாடி உடைவது, நீர் சுருங்கி, வெற்றிடத்துக்கு இடங்கொடாத இயற்கை அதை உள்நோக்கி இழுப்பதால். அந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். பிறகு எழுதினேன். முதல் பாடத்திலேயே வம்பு எதற்கு. இடம் வேறு, பொருள் வேறு என்பதை அடுத்த வருடம் பார்க்கலாம்.

முற்றத்தில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தேன்.

வாளி. நான் கோடு கீறிய அதே வாளி. அதன் முன்னால் அலார் பனியில் முழங்காலிட்டிருந்தான். நெற்றியில் நேற்றைய சாம்பல் இன்னும் அழியவில்லை. ஒரு நூலை வாளிக்குள் இறக்கி, முடிச்சுப் போட்டு, எடுத்து, வேறொரு நூலோடு வைத்துப் பார்த்தான். பெரெட் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"நான் அன்னிக்கே சொல்லலே?" என்றாள்.

"சொன்ன அக்கா. எவ்வளவுன்னு சொல்லலையே."

"எவ்வளவாம்?"

"ஒரு விரல் இருக்கும். இரு, இன்னொருவாட்டி பாக்கறேன். மண்சட்டியிலயும் வச்சிருக்கியா?"

"மூணு வச்சிருக்கேன். முக்கால்தான் ஊத்தியிருக்கேன், என்னை என்னன்னு நெனச்ச."

அப்போது பெரெட் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள்.

"சின்னச்சாமி. சரி, இப்ப நீ பெரியசாமி. இறங்கி வா. உன் வாளி கோட்டைத் தாண்டி மேல வந்திருச்சு, பாரு."

அலார் நிமிரவில்லை. நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பாடம் எழுதறேன் அக்கா," என்றேன்.

"எழுது, எழுது."

ஜன்னல் பலகையைச் சாத்தினேன். எலினானின் குறிப்பில் இன்னும் அரைப்பக்கம் பாக்கி. இறகைத் தோய்த்தேன். கொம்புக்குள் இறங்கவில்லை.

கொம்பின் வாயைப் பார்க்காமலே எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டேன்.